வெள்ளை நூல் போல ஒன்று

ஒரு கரண்டி பஞ்சாமிர்தம். முழுக் கரண்டிகூட இல்லை, ராஜாமணி மதினி உள்ளங்கையில் வழித்து வைத்த ஒரு விரல் அளவு. அதற்காகக் காலை எட்டு மணிக்கு அறுக்க வேண்டிய கழுத்தை மதியம் பன்னிரண்டுக்குத் தள்ளிவிட்டார்கள். ஆபரேஷன் தியேட்டருக்கு முந்திய அறையில், ஜன்னலோரத்து ஸ்ட்ரெச்சரில், பச்சைத் துணியும் தலையில் காகிதக் குல்லாவுமாக மல்லாந்து கிடந்த தனபாக்கியம் எதிர்ச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று ஐந்து. போன தடவை பார்த்தபோதும் பதினொன்று ஐந்துதான். கடிகாரம் ஓடுகிறதா இல்லையா என்று யாரிடம் கேட்பது. கேட்டால் இந்த சிஸ்டர் மறுபடியும் பஞ்சாமிர்தத்திலிருந்து ஆரம்பிப்பாள். காலையில் மயக்க மருந்து டாக்டர் வந்து, "ஏதாவது சாப்டீங்களாம்மா?" என்று கேட்டபோது இவள் இல்லை என்றுதான் தலையாட்டினாள். பொய் சொல்லவில்லை, பிரசாதத்தைச் சாப்பாட்டில் சேர்க்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். பின்னால் நின்ற மதினிதான், புருஷனுக்கு அக்கா, அறுபத்தாறு வயது, வாய் சும்மா இருக்காமல், "ஆறு மணிக்குப் பிரசாதம் குடுத்தேன் டாக்டர், இனி முருகன் பாத்துக்குவான்" என்று பெருமையாகச் சொன்னாள். "என்ன பிரசாதம்?" "பழனி பஞ்சாமிர்தம்." "அதுல வாழைப்பழம் உண்டுல்ல?" "வாழைப்பழம் இல்லாம பஞ்சாமிர்தமா? நீங்க எந்த ஊரு டாக்டர்?" அந்த ஆள் பேனாவை மூடிச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டு, "ஆறு மணி நேரம் கழிச்சுப் பாக்கலாம். மயக்கத்துல வயித்துல இருக்கறது மேல வந்தா அதை முருகன் பாக்க மாட்டாரு, நாந்தான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மதினி அதற்கும் அசரவில்லை. நல்லதுதான், ராகுகாலம் கழிஞ்சிரும் என்றாள். இன்றைக்கு ராகுகாலம் மதியம் மூன்று மணிக்கு. அதைச் சொன்னால் இன்னும் ஒரு மணி நேரம் பேசுவாள் என்று தனபாக்கியம் விட்டுவிட்டாள். விட்டுவிட்டாளே தவிர மனசு விடவில்லை. கையை நீட்டாமல் இருந்திருக்கலாம். நக்காமல் இருந்திருக்கலாம். ஐம்பத்திரண்டு வயதுப் பெண்பிள்ளைக்கு வேண்டாம் மதினி என்று சொல்ல வாய் வரவில்லை, ஊருக்கெல்லாம் வாய் வருகிறது.

வாய். அதை நினைத்ததும் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. கட்டி அங்கேயேதான் இருந்தது. வலது பக்கம் எலுமிச்சை, இடது பக்கம் அதைவிடச் சின்னதாக இரண்டு. எச்சில் விழுங்கினால் கூடவே ஏறி இறங்கும். இத்தனை வருஷம் சும்மா கிடந்தது, போன தையிலிருந்து மல்லாந்து படுத்தால் மூச்சை அடைத்தது, ஊசி வைத்து எடுத்துப் பார்த்ததில் சந்தேகம் என்றார்கள், தைராய்டு சுரப்பியை இரண்டு பக்கமும் எடுத்துவிட வேண்டும் என்றார்கள். எடுங்கள், யார் வேண்டாம் என்றது. எடுத்துவிட்டுத் தைத்து அனுப்ப வேண்டியதுதானே. வெட்டப்போகிற இந்த மெர்சி டாக்டர் எதற்கு அந்தப் படத்தைப் போட வேண்டும். தெரியாமல் இருந்திருந்தால் இந்நேரம் கொஞ்சம் கண்ணையாவது மூடியிருக்கலாம். முந்தாநாள் அந்த அம்மாள் ஸ்கேன் கவரைத் திருப்பிப் போட்டுப் பேனாவால் வரைந்தது கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. முன்னால் மூச்சுக்குழல், அதன் பின்னால் சோற்றுக்குழல், இரண்டும் ஒட்டுகிற இடத்தில் பக்கவாட்டில் ஒரு பள்ளம். "இந்தப் பள்ளத்துலதாம்மா குரல் நரம்பு மேல ஏறி வரும். வெள்ளையா நூல் மாதிரி இருக்கும்." எந்த நம்பர் நூல் என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை. இருபத்தாறு வருஷமாகத் தையல் மிஷின் மிதிக்கிறவளுக்கு நூல் என்று சொன்னால் போதுமா. மிஷின் நூலா, பட்டன் துளைக்குப் போடுகிற காஜா நூலா. காஜா நூல் என்றால் பரவாயில்லை, தடியாக இருக்கும், கண்ணுக்குத் தெரியும். அந்த நரம்பு மூளையிலிருந்து நேரே தொண்டைக்கு வந்தால் என்ன கேடு. அது நெஞ்சுக்குள் இறங்கி, இடது பக்கம் பெரிய ரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்டு, மறுபடியும் மேலே ஏறி வருகிறதாம். வலது பக்கம் அவ்வளவு கீழே போகாமல் வேறொரு குழாயைச் சுற்றிக்கொண்டு கொஞ்சம் சாய்வாக வருகிறதாம். பக்கத்து வீட்டுக்குப் போக பஸ் ஸ்டாண்டைச் சுற்றுகிற மாதிரி. படைத்தவன் தையல் படித்திருந்தால் நூலை இப்படி வீணடித்திருக்க மாட்டான்.

பதினொன்று பன்னிரண்டு. ஓடுகிறது. கதவோரத்து ஸ்ட்ரெச்சரில் குடலிறக்கத்துக்கு வந்த நத்தத்துக் கிழவர் கொட்டாவி விட்டார். நடுவில் ஒரு சின்னப் பெண் சுவரைப் பார்த்துத் தூங்கிக்கொண்டிருந்தது. எப்படித்தான் தூங்குகிறதோ. ஏசி குளிர் முழங்காலில் இறங்கியது. போர்வை கேட்கலாம். வேண்டாம், சிஸ்டர் மறுபடியும் பஞ்சாமிர்தம் என்பாள். டாக்டர் இன்னொன்றும் சொன்னார், அதுதான் முள்ளாக நிற்கிறது. அந்த நரம்பின் குறுக்கே ஒரு ரத்தக்குழாய் போகுமாம். அது தெரிந்தால் நரம்பு பக்கத்தில் இருக்கிறது என்று அடையாளம். சரி, நல்லது. ஆனால் நரம்பு அந்தக் குழாய்க்கு முன்னால் போகுமா பின்னால் போகுமா என்று கேட்டால், "சிலருக்கு முன்னால, சிலருக்குப் பின்னால, சிலருக்குக் குழாய் ரெண்டாப் பிரியற எடத்துல நடுவுல புகுந்து போகும்" என்கிறார். அப்படியென்றால் அது என்ன அடையாளம். அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டு, சில நாள் இது சரியாக இருக்கும், சில நாள் இருக்காது என்கிற மாதிரி. "அப்ப எதை நம்பித்தான் வெட்டுவீங்க?" என்று இவள் கொஞ்சம் சூடாகவே கேட்டுவிட்டாள். அந்த அம்மாள் கோபப்படவில்லை. நகத்தை ஒட்ட வெட்டிய விரலால் படத்தில் ஒரு இடத்தைத் தொட்டு, "ஒண்ணை மட்டும் நம்ப மாட்டேன். சுரப்பிக்குப் பின்னால விரல் நுனி மாதிரி ஒரு சின்னப் புடைப்பு இருக்கும், அதை மெதுவா முன்னால திருப்புனா நரம்பு அதுக்கு அடியில கெடக்கும். பள்ளத்தையும் பாப்பேன், குழாயையும் பாப்பேன், புடைப்பையும் பாப்பேன். நரம்பைக் கண்ணால பாத்தப்புறந்தான் எதையும் வெட்டுவேன்" என்றார். அதுவும் போதவில்லை. மேலே போகப் போக, சுரப்பியை மூச்சுக்குழலோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு கெட்டி நார் இருக்கிறதாம். நரம்பு தொண்டைக்குள் நுழைவதற்கு முன்னால் அந்த நாரை உரசிக்கொண்டுதான் போகிறதாம். அங்கேதான் அதிகமாக அடிபடுமாம். சுரப்பியை இழுத்தால் நரம்பும் கூடவே இழுபடுமாம். இது தனபாக்கியத்துக்கு உடனே புரிந்தது. புரியாமல் இருந்திருக்கலாம். ஜாக்கெட் அக்குளில் நான்கு தையல் வந்து சேருகிற முடிச்சு அது. பிரிக்கிறவள் அவசரத்தில் துணியை இழுத்தால் தையல் வராது, துணி கிழியும். எத்தனை கிழித்திருக்கிறாள். பூவாத்தாள் மகள் நிச்சயதார்த்தப் பட்டு ஜாக்கெட்டை அந்த இடத்தில்தான் கிழித்தாள், அதே கலரில் ஒட்டுப்போட்டு, தெரியாது தெரியாது என்று சொல்லிக் கொடுத்தனுப்பினாள். தெரிந்தது. தெரியாமல் போகுமா. இவள் கழுத்துக்குள் ஒட்டுப்போட யார் வருவார்கள்.

நூற்றில் ஒருத்தருக்குக் குரல் நிரந்தரமாகப் போகலாம் என்று டாக்டர் சொன்னார். சிலருக்குக் கொஞ்ச நாள் கம்மிப் போய்த் திரும்பி வரும். இன்னொரு மெல்லிசு நரம்பு மேலே இருக்கிறது, அது அடிபட்டால் பேச்சு வரும், ஆனால் உரக்கக் கூப்பிட வராது. உரக்கக் கூப்பிட வராது. அதை என்னமோ பாட்டுக்காரர்களுக்குத்தான் கஷ்டம் என்கிற மாதிரி லேசாகச் சொல்லிவிட்டுப் போனார். நூற்றில் ஒருத்தர் என்பது மற்றவர்களுக்குக் கொஞ்சம். தைத்துக் கொடுத்தவளுக்குத் தெரியும், நூற்றில் கெட்டுப்போகிற ஒரு ஜாக்கெட் எப்போதும் சண்டைக்காரியுடையதாகத்தான் இருக்கும். மூக்கு வழியாகக் குழாயை விட்டு, "ஈ சொல்லுங்க, இழுத்துச் சொல்லுங்க" என்று குரல் நாண் அசைகிறதா என்று பார்த்தார்களே, அப்போது அந்தப் பையன் டாக்டர், "நல்லா அசையுதும்மா, ரொம்ப வேலை பாத்த நாணு" என்று சிரித்தான். சிரிக்கட்டும். வேலை பார்க்காமல் என்ன செய்வது. இந்தக் குரல் வாயில் இருந்தால் புருஷனுக்குக் கண், இல்லையென்றால் அவர் நாற்காலியில் இடித்து விழுவார். தர்மலிங்கத்துக்குச் சர்க்கரை இரண்டு கண்ணையும் குடித்து ஒன்றரை வருஷம் ஆகிறது. வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. கம்பு வேண்டாம் என்கிறார். கம்பு பிடித்தால் குருடன் என்று தெரிந்துவிடுமாம், இல்லாவிட்டால் ஊருக்குத் தெரியாதாக்கும். மிஷினில் உட்கார்ந்தபடியே இவள் சொல்லிக்கொண்டிருப்பாள். படி இருக்கு. இடது கைப்பக்கம் தண்ணி டிரம்மு. குனிங்க, நிலை இடிக்கும். செருப்பு வலது இடது மாறிருச்சு. சாம்பார்ல முருங்கைக்காய் கெடக்கு, கடிச்சிராதீங்க. ஒரு நாளைக்கு இருநூறு முறை. தைத்துக்கொண்டே, போனில் பேசிக்கொண்டே, ஒருமுறை தூக்கத்தில்கூட. அவர் அதற்கு ஒரு உம் சொல்வதில்லை. பாத்ரூம் வரை துணி ஓரங்களை முறுக்கிக் கயிறு கட்டி வைத்தாள், டிரம் வரும் இடத்தில் ஒரு முடிச்சு, படி வரும் இடத்தில் இரண்டு. "நான் என்ன மாடா?" என்று கேட்டு அதில் துண்டைக் காயப்போட்டார். இப்படிப்பட்ட மனுஷனை வைத்துக்கொண்டு ஒரு வெள்ளை நூலை நம்பி இங்கே வந்து மல்லாந்து கிடக்கிறாள். குரல் போனால் என்ன செய்வது. கையைத் தட்டலாம். ஒரு தட்டு படி, இரண்டு தட்டு டிரம். கையில் தையல் இருக்கும்போது எப்படித் தட்டுவது. மணி கட்டிக்கொள்ளலாம். யார் மாடு என்று அப்புறம் பார்க்கலாம்.

பதினொன்றே முக்காலுக்கு மெர்சி டாக்டர் வந்தார். வாயில் முகமூடி, கையில் மார்க்கர் பேனா. "எழுந்து உக்காருங்கம்மா" என்றார். எதற்கு, படுத்துத்தானே வெட்டப்போகிறீர்கள் என்று தனபாக்கியம் முணுமுணுத்தாள். "படுக்கவச்சுக் கழுத்தைப் பின்னால சாய்ச்சா மடிப்பு எடம் மாறிரும். உக்காந்து நேராப் பாத்தாத்தான் மடிப்பு எங்க விழுதுன்னு தெரியும். அந்தக் கோட்டுல வெட்டுனா பின்னால தழும்பு தெரியாது." கழுத்தில் பேனா குளிர்ச்சியாக ஓடியது. இந்த டாக்டர் ஆளை நிமிர்த்தி வைத்து அளவெடுக்கத் தெரிந்தவள். இது எத்தனை டெய்லருக்குத் தெரியும், துணியை மேஜையில் போட்டு அளப்பவன்தான் அதிகம். பயம் ஒரு நூல் அளவு இறங்கியது. உடனே மறுபடியும் ஏறிக்கொண்டது. வெளியே கோடு போடத் தெரிந்தால் சரி, உள்ளே யார் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். "டாக்டர், நரம்பு தெரியலேன்னா?" "தெரியற வரைக்கும் தேடுவேன்." "நேரமாச்சுன்னா?" "ஆகட்டும். எனக்கு இன்னைக்கு வேற கேஸ் இல்ல, உங்க பஞ்சாமிர்தத்தால எல்லாத்தையும் முன்னாடியே முடிச்சாச்சு." சொல்லிவிட்டு, "முழிச்சதும் உங்களைப் பேசச் சொல்லுவேன். என்ன பேசலாம்னு இப்பவே யோசிச்சு வைங்க" என்று உள்ளே போய்விட்டார். யோசித்து வைக்க வேண்டுமாம். இவள் என்றைக்கு யோசித்துப் பேசினாள்.

அப்போதுதான் வாசலில் தர்மலிங்கத்தின் குரல் கேட்டது. "ரெண்டு நிமிசம் பாத்துட்டுப் போயிர்றேன்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். மதினியை சிஸ்டர் உள்ளே விடவில்லை. "நீங்க அங்கேயே நில்லுங்கம்மா, உங்க தூக்குவாளியோட." கண் தெரியாதவர் என்பதால் அவரை மட்டும் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள். கதவைத் தாண்டியதும் மேஜையில் போன் அடிக்க, அவரை அப்படியே நிறுத்திவிட்டு ஓடினாள். தர்மலிங்கம் அறைக் கதவருகே தனியாக நின்றார். வேட்டி ஒரு பக்கம் தரையில் இழுத்தது. சட்டைப் பட்டன் ஒன்று மாறிப் போட்டிருந்தார், மேலே ஒரு பட்டன் காது மிச்சம், கீழே ஒரு காது குறைவு. இதைச் சொல்ல மதினிக்கு வாய் இல்லை, முருகன் பார்த்துக்கொள்வான். "நேரா வாங்க, மூணாவது கட்டில்" என்று தனபாக்கியத்துக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வந்ததை அப்படியே கடித்துப் பிடித்தாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. வீம்பா, பயமா. முழுத்தையல் போடுவதற்கு முன் ஒட்டுத்தையல் போட்டு உடம்பில் மாட்டிப் பார்ப்பதில்லையா. இவள் பேச்சு இல்லாத வீட்டில் அவர் எப்படி இருப்பார் என்று இன்றைக்கே, இந்த இரண்டு நிமிஷத்திலேயே பார்த்துவிடலாம். பேசாமல் இருந்தால்தானே தெரியும். மூச்சைக்கூட மெதுவாக விட்டாள். வளையல் இல்லை, கழற்றியாயிற்று. மெட்டி இல்லை. தலையில் எண்ணெய் வாசம் இல்லை, குல்லாவுக்குள் அடைத்துவிட்டார்கள். பச்சைத் துணி எல்லாருக்கும் ஒன்றுதான். அவருக்குப் பிடித்துக்கொள்ள இவளிடம் எந்த அடையாளமும் இல்லை.

"பாக்கியம்" என்றார் அவர். "ஏ பாக்கியம்." தலையைச் சாய்த்துக் கேட்டார். ஏசி சத்தம் மட்டும். ஒரு அடி எடுத்து வைத்து, கையை நீட்டி, கிழவரின் காலைப் பிடித்துவிட்டார். கிழவர் காலை இழுத்துக்கொண்டு, "அது ஏங்காலுய்யா" என்றார். தர்மலிங்கம் கையை எடுத்துக்கொண்டு நின்றார். முகத்தில் என்ன வந்தது என்று தனபாக்கியம் தலையைத் தூக்கிப் பார்த்தாள். இதோ கத்துவார், சிஸ்டரைத் திட்டுவார், திரும்பிப் போய்விடுவார், போகிற வேகத்தில் அந்த சலைன் கம்பியில் நெற்றியை இடித்துக்கொள்வார். சொல்லிவிடு, சொல்லிவிடு, என்ன கல் மனசு உனக்கு. நாக்கைக் கடித்த இடத்தில் உப்புக் கரித்தது. அவர் கத்தவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஐயா, எனக்குக் கண்ணு தெரியாது. எம்பொண்டாட்டிக்குக் கழுத்துல ஆபரேசன். எந்தக் கட்டில்ல இருக்கான்னு சொல்லுங்க" என்றார். கண்ணு தெரியாது என்று அவர் வாயால் சொல்லி அவள் கேட்டதில்லை. கண் டாக்டரிடம்கூட மங்கலா இருக்கு என்றுதான் சொன்னார். வழி கேட்டும் அவள் கேட்டதில்லை. நத்தம் ரூட்டில் இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டிய மனுஷன், கொடைக்கானல் காட்டுக்குள் தொலைந்துபோனபோதுகூட இறங்கிக் கேட்க மாட்டேன் என்று இரண்டு மணி நேரம் சுற்றியவர். இப்போது காலைப் பிடித்த அந்நியரிடம், தண்ணீர் கேட்கிற மாதிரி அவ்வளவு சுளுவாகக் கேட்டுவிட்டார். கிழவர், "அந்தா ஜன்னலோரம் ஒரு அம்மா முழிச்சுக்கிட்டுக் கெடக்கு. நடுவுல ஒரு கட்டில் தாண்டணும். கையைக் கட்டில்லயே வச்சுக்கிட்டு வாங்க" என்று சொன்னார். அவர் அப்படியே வந்தார். கம்பி, கம்பி வளைவு, அடுத்து தூங்குகிற பெண்ணின் கட்டிலில் மட்டும் கையைத் தூக்கிக்கொண்டு ஒரு அடி, பிறகு இவள் கட்டில்.

தனபாக்கியத்துக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது, அதுவும் கண்ணில் நீரோடு. என்னிடம் ஒரு நாளாவது இப்படிக் கேட்டாரா. டிரம் எங்கே, படி எங்கே, செருப்பு எங்கே என்று ஒரு வார்த்தை. அந்த நினைப்பு பாதி வழியில் எதிலோ சிக்கி நின்றது. எப்படிக் கேட்பார். அவர் வாயைத் திறப்பதற்குள் இவள் சொல்லி முடித்திருப்பாளே. ஒன்றரை வருஷத்தில் கேட்பதற்கு ஒரு இடைவெளி விட்டிருக்கிறாளா. ஒரு நாளைக்கு இருநூறு. "ஏன் பேசாமக் கெடந்த?" என்று அவர் அவள் தோளைத் தேடித் தொட்டுக் கேட்டார். "சும்மாதான்" என்றாள். "பயமா?" "உங்க பட்டன் மாறியிருக்கு." அவர் கையை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, கழற்றி மாட்டாமல் அப்படியே விட்டார். "அந்தம்மா டாக்டரு வெளிய பாத்துச் சொன்னாங்க. நரம்பைப் பாக்காம வெட்ட மாட்டாங்களாம்." "எங்கிட்டயும் சொன்னாங்க." "அப்பறம் என்ன?" அப்புறம் என்ன என்று சொல்ல காலையிலிருந்து நெஞ்சுக்குள் ஓடியதெல்லாம் இருந்தது, ஆனால் தள்ளுகிற ஆள் வந்து ஸ்ட்ரெச்சரின் பிரேக்கைக் காலால் தட்டிவிட்டான். சக்கரம் அசைந்தது. தோளில் இருந்த அவர் கை நழுவிக் காற்றில் நின்றது.

தியேட்டர் கதவு இரண்டாகத் திறந்தது. உள்ளேயிருந்து பெரிய விளக்கும் மருந்து வாசமும் வந்தன. தலைப்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனதால் அவளுக்கு அறை முழுவதும் தெரிந்தது. கட்டில் போன வெறும் இடத்தில் அவர் நின்றார், வாசல் எந்தப் பக்கம் என்று தெரியாமல், ஜன்னலைப் பார்த்தபடி. திரும்பணும், முழுசாத் திரும்பி ஏழெட்டு அடி, கம்பி இருக்கு. அத்தனையும் இவள் வாயில் வரிசையாக வந்து நின்றது. நாளைக்கு வருமோ வராதோ, இன்றைக்கு இருக்கிறது, சொல்லிவிட்டால் என்ன. உதட்டைப் பிரித்தாள். அதற்குள் அவர், "ஐயா, வாசல் எங்கிட்டு?" என்று கேட்டார். கிழவர் படுத்தபடியே கையை நீட்டி, "அங்கிட்டுத்தான்" என்றார். கண் தெரியாதவரிடம் போய்க் கையைக் காட்டி அங்கிட்டு என்கிறாரே, இந்த மனுஷனுக்குக் கொஞ்சமாவது புத்தி இருக்கிறதா என்று தனபாக்கியத்துக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். கதவு மூடுகிற இடுக்கு வழியாக அவர் குரல் பொறுமையாகக் கேட்டது. "அங்கிட்டுன்னா எங்கிட்டுய்யா, எனக்கு வலதா இடதா?"